கண்ணாடி மூக்கில் இருக்கும்வரை

சுங்கை லெம்பா, பகாங்
6.11.1977

அன்புள்ள அக்காவுக்கு,

நாகலிங்கம் எழுதுகிறேன். வந்து சேர்ந்துவிட்டேன், உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலத்தைத் தேய்க்காமல் அலமாரியில் வைத்து அழகு பார்க்காதே.

முதல் நாள் கோர்ட்டில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பாய். நான் கதவைத் திறந்ததும் எல்லாரும் படபடவென்று எழுந்து நின்றார்கள். யாரோ பெரிய மனிதர் வருகிறார் போலிருக்கிறது என்று நானும் ஒதுங்கி நின்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் வந்தது தண்ணீர்க் கூஜாவோடு பியூன் மட்டும்தான். அவன் என் காதருகே வந்து, “துவான், உட்காருங்க. நீங்க உட்கார்ந்தாத்தான் அவங்க உட்கார முடியும்” என்றான்.

அதோடு விட்டதா? இரண்டாவது வழக்கில் போலீஸ் தரப்பில் வாதாடும் இன்ஸ்பெக்டர் ரோஸ்லான் சாட்சியின் வாயில் வார்த்தையைத் திணித்துக்கொண்டிருந்தார். நான் சட்டென்று எழுந்து, “ஆட்சேபிக்கிறேன்” என்றேன். இன்ஸ்பெக்டர் நாலாபக்கமும் பார்த்துவிட்டு, “யார்கிட்ட ஆட்சேபிக்கிறீங்க, துவான்?” என்று கேட்டார். கோர்ட்டே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். மாஜிஸ்திரேட் சிரிக்கலாமா கூடாதா என்று இன்னும் குழப்பமாகவே இருக்கிறது.

இருபது வருஷம் கீழே நின்று, கழுத்து வலிக்க மேலே பார்த்துப் பேசியவன் நான். இப்போது மேலே உட்கார்ந்து கீழே பார்த்தால் தலை சுற்றுகிறது. தைப்பிங்கில் வாங்கிய புதுக் கண்ணாடி வேறு நழுவி நழுவி மூக்கு நுனிக்கு வந்துவிடுகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தம்பி,
நாகலிங்கம்

*

தைப்பிங்
20.11.1977

என் அருமைத் தம்பி மாஜிஸ்திரேட் நாகலிங்கத்துக்கு,

அக்கா தெய்வானை எழுதுவது. என் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? நாற்பத்தெட்டு வயதுவரை கல்யாணம் வேண்டாம் என்று அடம் பிடித்தாயே, இப்போது யார் உனக்கு ரசம் வைத்துக் கொடுக்கிறார்கள்? சரி, திட்டவில்லை.

நீ போனாலும் உன் கட்சிக்காரர்கள் போகவில்லை. முன் அறைக் கதவைத் தட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். போன வாரம் ஆசிரியர் காலனி ரெங்கசாமி ஒரு பெரிய மாலையோடு வந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். “லாயர் மேல போயிட்டாராமே, எப்ப எடுத்தாங்க?” என்றார். “மேல போனது பதவியில ஐயா, மேலோகத்துக்கு இல்ல!” என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுச் சீனத்தி எட்டிப் பார்த்தாள். மாலையைத் திருப்பிக் கொண்டுபோக அவருக்கு மனமில்லை. பிள்ளையாருக்குப் போட்டுவிட்டேன்.

எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “இனிமே எங்களுக்காகக் கண்ணாடியை யார் கழட்டுவா?”

பால்கார மருதையை நினைத்துக்கொண்டேன். குற்றப்பத்திரிகையை மலாயில் வாசித்து, தமிழில் ‘புரியுதா’ என்று கேட்டார்கள். பாவி மனிதன், புரிந்தது என்பதற்காக ‘ஆமா’ என்றான். குற்றத்தை ஒத்துக்கொண்டதாக எழுதிவிட்டார்கள். அதற்கப்புறம் நீ கண்டுபிடித்ததுதானே இந்தச் சைகை? லாயர் கண்ணாடி மூக்கில் இருந்தால் ‘இல்லை’ என்று சொல்ல வேண்டும். தப்ப வழியில்லை என்று தெரிந்து லாயர் கண்ணாடியைக் கழற்றினால் ‘ஒத்துக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். நான் பிரம்பு நாற்காலியில் மாஜிஸ்திரேட்டாக உட்கார்ந்து எத்தனை பேருக்கு ஒத்திகை வைத்தேன்! அப்படிப் பார்த்தால் உனக்கு முன்னால் மாஜிஸ்திரேட் ஆனவள் நான்தான்.

உன் கட்சிக்காரன் சைக்கிள் சன்னாசியும் உங்கள் பகாங் பக்கம்தான் மர லோரியில் வேலைக்குப் போயிருக்கிறான். அவன் பெண்டாட்டி மாரியாயி இங்கே ரப்பர்த் தோட்டத்தில் கித்தா வெட்டிக்கொண்டு பிள்ளைகளைப் பார்க்கிறாள். சைக்கிளைக் கண்டால் இப்போது அவன் தலையைத் திருப்பிக்கொள்கிறானாம், அவ்வளவு திருந்திவிட்டான். எங்கேயாவது பார்த்தால் ஒரு டீ வாங்கிக் கொடு.

ரெங்கசாமிக்கு வேலித் தகராறு. கேஸ் போடலாமா வேண்டாமா? ஒரு வார்த்தை எழுது.

அன்புள்ள அக்கா,
தெய்வானை

*

சுங்கை லெம்பா
12.12.1977

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அடைமழை. சளி பிடித்து, மிளகுக் கஷாயத்தில் விட்டது. முழங்காலுக்கு மழை ஆகாது, பார்த்துக்கொள்.

ரெங்கசாமிக்கு அந்த ஒரு வார்த்தையை நான் எழுத முடியாது. கோபித்துக்கொள்ளாதே. மாஜிஸ்திரேட் யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது. கதவோரச் சுவரில் இருக்கும் என் பெயர்ப் பலகையைக் கழற்றி உள்ளே வை. இனி நான் யாருக்கும் லாயர் இல்லை.

சன்னாசியைப் பார்த்தாலும் டீ வாங்கிக் கொடுக்க முடியாது. நான் யாரோடும் உட்கார்ந்து டீ குடிக்க முடியாது. கடைக்குள் நான் நுழைந்தால் பேசிக்கொண்டிருப்பவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். தினமும் தனியாக உட்கார்ந்து மீ கோரேங்கை விழுங்கிவிட்டு வருகிறேன்.

இன்னொன்று, இதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். இங்கே வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன என்று மேலிடத்திலிருந்து இரண்டு முறை எழுதிவிட்டார்கள். ஒருவன் குற்றத்தை ஒத்துக்கொண்டால் பத்தே நிமிடத்தில் வேலை முடிகிறது. மறுத்தால் சாட்சி, தவணை, மறுபடியும் தவணை. ஒரு காலத்தில் ‘இல்லை’ என்ற சொல்லைக் கேட்டால் எனக்குத் தெம்பு வரும். இப்போது அதே சொல்லைக் கேட்டால் அலுப்பு வருகிறது. இன்ஸ்பெக்டரோ நான் இன்னும் குற்றவாளிகளுக்காகவே கேள்வி கேட்கிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் எந்தப் பக்கம் அக்கா? எனக்கே தெரியவில்லை.

உன் தம்பி,
நாகலிங்கம்

*

தைப்பிங்
28.1.1978

தம்பி நாகலிங்கத்துக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். இங்கே யாவரும் சுகம், முழங்கால் உட்பட. முருகன் புண்ணியத்தில் தைப்பூசத்தன்று ஊர்வலம் முழுக்க நடந்தேன் என்றால் நம்புவாயா? உங்கள் பகாங்கில் அன்றைக்கு லீவே கிடையாதாமே! என்ன ஊரடா அது?

பெயர்ப் பலகையைக் கழற்றி வைத்துவிட்டேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. அடுத்த தடவை சுண்ணாம்பு அடிக்கச் சொல்ல வேண்டும்.

இந்த வருஷம் யார் காவடி எடுத்தது தெரியுமா? நம் சைக்கிள் சன்னாசி! மர லோரி முதலாளியிடம் கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு முந்தின நாளே வந்துவிட்டான். நாக்கில் அலகு, தோளில் காவடி, காலையிலிருந்து மத்தியானம்வரை ஆட்டம். வெயிலில் தார் ரோடு கொதித்தது. நான்தான் அவன் காலுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். மாரியாயி ஒரு பக்கம் அழுகிறாள், ஒரு பக்கம் சிரிக்கிறாள். அலகை எடுத்ததும் அவன் பேசிய முதல் பேச்சு, “அக்கா, நம்ம லாயர் அந்தப் பக்கம்தானே இருக்காரு? நான் திருந்திட்டேன்னு எழுதிப் போடுங்க.” எழுதிவிட்டேன். சந்தோஷப்படு.

நீ எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தாய். இதென்ன கேள்வி? நாற்காலி எங்கே இருந்தால் என்ன, நீ நாகலிங்கம்தானே. மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அன்புள்ள அக்கா,
தெய்வானை

*

சுங்கை லெம்பா
25.2.1978

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் போன மாதக் கடைசியிலேயே கிடைத்தது. பதில் எழுத நேரமில்லை.

வேலை அதிகம். போன மாதம் இந்த வட்டாரத்திலேயே அதிக வழக்குகளை முடித்தது எங்கள் கோர்ட்தான் என்று மேலிடத்திலிருந்து பாராட்டி எழுதியிருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் ரோஸ்லான் கூடக் கை கொடுத்தார். உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

மழை விட்டுவிட்டது. வெயில் கடுமை. கோர்ட்டில் காற்றாடி சரியாகச் சுற்றுவதில்லை. முகமெல்லாம் வியர்த்து, கண்ணாடி நிற்கவே மாட்டேன் என்கிறது.

போன வாரம் தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்தேன். சரி, அதை விடு.

மாரியாயி, பிள்ளைகள் எல்லாம் சுகம்தானே?

உன் தம்பி,
நாகலிங்கம்

*

தைப்பிங்
12.3.1978

தம்பி நாகலிங்கத்துக்கு,

அக்கா எழுதுவது. சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

மாரியாயி தலைவிரி கோலமாக வந்து நின்றாள். சன்னாசி ஜெயிலில் இருக்கிறானாம். மளிகைக் கடைச் சீன முதலாளி, அந்தத் தவுக்கேயின் சைக்கிளைத் திருடினான் என்று வழக்கு. லோரி ஆட்கள் தங்கும் கொட்டகைக்குப் பின்னால் சைக்கிள் கிடந்ததாம். கொட்டகையில் இருப்பவர்களில் யார் பெயருக்கு முன்னால் ‘சைக்கிள்’ இருக்கிறதோ அவனைத்தானே போலீஸ் மாத்தா பிடிப்பான்? பழைய தண்டனைகளையும் சேர்த்துப் பார்த்து ஒரு வருஷம் போட்டிருக்கிறார்கள். போட்டது யார் என்று கேட்டேன்.

“நம்ம லாயர்தாங்கக்கா போட்டாரு” என்றாள்.

“எந்த லாயர்டி?”

“நம்ம லாயர்னா வேற யாரு? உங்க தம்பிதான்.”

அவளுக்குத் தண்ணீர் கொடுப்பதா, நான் குடிப்பதா என்று தெரியாமல் செம்போடு நின்றேன். “எங்க வீட்டுக்காரரு உங்க கூடத்துல உக்காந்து சாப்பிட்ட மனுசன்க்கா. ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா, ஏன்டா எடுத்தேன்னு?” என்று அவள் கேட்டாள்.

போன கடிதத்தில் ‘தெரிந்த முகம்’ என்றாயே, அது அவன்தானா? மாரியாயி சுகமா என்று கேட்டிருந்தாயே, புருஷனை உள்ளே போட்டுவிட்டா சுகம் விசாரித்தாய்? அவன் ஏதும் சொல்லவில்லையா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. உடனே எழுது. போன் பண்ணாதே, எக்ஸ்சேஞ்சில் இருப்பவள் ஊருக்கெல்லாம் வாசித்துவிடுவாள்.

தெய்வானை

*

சுங்கை லெம்பா
20.3.1978

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்.

நான் தீர்ப்புச் சொன்ன வழக்கைப் பற்றி நீ எழுதவும் கூடாது, நான் பதில் சொல்லவும் கூடாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். குற்றச்சாட்டை மலாயில் வாசித்தார்கள், தமிழில் சொன்னார்கள், அவன் தன் வாயால் ஒத்துக்கொண்டான். ஒத்துக்கொண்டவனுக்குத் தண்டனை கொடுப்பதுதான் சட்டம்.

மாரியாயிக்கு ஏதாவது உதவி வேண்டுமானால் செய். என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

நாகலிங்கம்

*

தைப்பிங்
9.4.1978

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். என் தம்பி எழுதியது போலவே இல்லை. நோட்டீஸ் போலிருந்தது.

சன்னாசியை இங்கே, நம் ஊர் ஜெயிலுக்கே மாற்றிவிட்டார்கள். மாரியாயியோடு நானும் போய்ப் பார்த்தேன். மொட்டை அடித்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

“சைக்கிளை எடுத்தியாடா?” என்று கேட்டேன்.

“முருகா! நான் எங்கக்கா எடுத்தேன்? சைக்கிள் காணாமப் போனது தைப்பூசத்தன்னிக்கி. அன்னிக்கி நாக்குல அலகோட இங்க நிக்கிறேன். நீங்கதானே என் காலுக்குத் தண்ணி ஊத்துனீங்க?”

நாகு, அவன் அப்படிச் சொன்னதும் நான் நாள்காட்டியை மனதுக்குள் புரட்டினேன். ஆமாம், அன்றைக்கு அவன் என் கண் முன்னால்தான் ஆடினான். ஊரே பார்த்தது.

“இதை மாத்தாகிட்ட ஏன்டா சொல்லல?”

“எப்படிக்கா சொல்றது? போலீஸ்ல வாயைத் திறக்காத, கோர்ட்டுல நான் பாத்துக்கிறேன்னு லாயர்தானே சொல்லிக் குடுத்திருக்காரு? கல்லு மாதிரி நின்னேன். கோர்ட்டுக்குக் கொண்டுபோனா, மேல நம்ம லாயர்! அப்பாடான்னு ஆயிருச்சு.”

“அப்புறம் ஏன்டா பாவி ஒத்துக்கிட்ட?”

“லாயர் சொன்னாருக்கா.”

“வாயைத் திறந்து சொன்னாரா?”

அவன் அக்கம்பக்கம் பார்த்தான். இரண்டு விரலால் காதோரத்திலிருந்து இல்லாத கண்ணாடியைக் கழற்றிக் காண்பித்தான். நான் சொல்லிக் கொடுத்தேனே, அதே மாதிரி.

“காரணம் இல்லாம லாயர் கழட்டுவாராக்கா? வேற எவனாச்சும் இருந்தா மூணு வருசம் தள்ளியிருப்பான். எனக்கு ஒண்ணுதான். மேல போயும் நம்மள மறக்கல பாருங்க” என்றான்.

அவனுக்கு உன்மேல் துளிக் கோபம் இல்லை. பக்கத்தில் மாரியாயி தலையில் அடித்துக்கொண்டாள். அவளைப் பார்ப்பதா, அவனைப் பார்ப்பதா? நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சட்டம் எனக்குத் தெரியாது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ கண்ணாடியைக் கழற்றினாயா?

தெய்வானை

*

தைப்பிங்
14.5.1978

நாகு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. தபால்காரர் சைக்கிள் மணி அடித்தாலே வாசலுக்கு ஓடி முழங்கால் மறுபடியும் வீங்கிவிட்டது. உடம்புக்கு ஏதாவதா? பயமாக இருக்கிறது.

மாரியாயி என் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். பெரியவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கித்தாக் காட்டுக்குக் கூட்டிப்போகிறாளாம்.

நீ திட்டியாவது ஒரு கடிதம் போடு.

அக்கா

*

சுங்கை லெம்பா
28.5.1978

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. அதுதான் எனக்கே ஆச்சரியம்.

கழற்றினேன்.

நடந்ததைச் சொல்கிறேன். அன்றைக்கு மேசையில் மலை மாதிரி வழக்குகள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் பாதியையாவது முடிக்க வேண்டும் என்று தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். பெயரைக் கூப்பிட்டதும் நிமிர்ந்தேன். கூண்டில் சன்னாசி நின்றுகொண்டு, கல்யாண வீட்டில் சொந்தக்காரனைக் கண்டவன் மாதிரி இளிக்கிறான். ‘இவன் என் பழைய கட்சிக்காரன், வேறு மாஜிஸ்திரேட் விசாரிக்கட்டும்’ என்று நான் அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். சின்னப் பையனுக்குக் கூடத் தெரிந்த சட்டம். நாக்கு நுனிவரை வந்தது. அப்படிச் சொன்னால் இன்னொரு தவணை, இன்னொரு தேக்கம்.

என் மனதில் ஓடியதை உனக்கு மறைக்க மாட்டேன். ‘மறுபடியும் சைக்கிளா? கெட்டாயடா, இதில் தப்ப முடியாது’ என்று நினைத்தேன். மாஜிஸ்திரேட் அப்படி நினைக்கக் கூடாது. அது லாயர் நினைப்பு. தப்ப வழியில்லாத கட்சிக்காரனைப் பார்த்தால் இருபது வருஷமாக என் கை எங்கே போகுமோ அங்கே போனது.

வியர்வையைத் துடைக்கத்தான் கழற்றினேன் என்று மூன்று மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வியர்த்தது உண்மை. ஆனால் கைக்குட்டையை எடுத்ததாக ஞாபகமே இல்லை. வேண்டுமென்றே செய்தேனா, பழக்கத்தில் செய்தேனா? எத்தனை யோசித்தாலும் அந்த இடத்தில் ஒரே மூட்டமாக இருக்கிறது. அவன் ‘ஒத்துக்கிறேன்’ என்றதும் என் மனதில் எழுந்தது நிம்மதி. அது மட்டும் தெளிவாக ஞாபகம் இருக்கிறது அக்கா. ஒரு வழக்கு குறைந்தது என்ற நிம்மதி.

சன்னாசி காவடி எடுத்ததை நீ எழுதியிருந்தாய். அதைப் படித்துச் சிரித்தவன்தான் நான். நீ தைப்பூசம் என்று எழுதினாய், குற்றப்பத்திரிகையில் ஜனவரி 24 என்று போட்டிருந்தது. இரண்டும் ஒரே நாள் என்று என் மண்டையில் ஏறவே இல்லை. இங்கே அன்று லீவு இல்லையே. நான் அன்றைக்கும் கோர்ட்டில் உட்கார்ந்து வழக்கு முடித்துக்கொண்டிருந்தேன். ஒரு தமிழனுக்குத் தைப்பூசம் எந்தத் தேதி என்று தெரியாமல் போனதே என்றுதான் வெட்கமாக இருக்கிறது. உன் ஏப்ரல் கடிதத்தைப் படித்த பிறகுதான் சுவரில் நாள்காட்டியைத் தேடினேன். சாப்பாட்டுக் கடையில் கொடுத்த சீன நாள்காட்டி, அதில் தைப்பூசமே இல்லை.

ஒரு மாதம் பேனாவைத் தொடக் கை வரவில்லை. போன வாரம் ஹை கோர்ட் நீதிபதிக்கு எழுதிவிட்டேன், கண்ணாடி சமாச்சாரம் முழுவதையும். அந்தத் தண்டனையை ரத்து செய்து, வேறு மாஜிஸ்திரேட் முன்னால் புதிதாக விசாரிக்கக் கேட்டிருக்கிறேன். அவர் நேரில் கூப்பிட்டார். “கண்ணாடியா?” என்று மூன்று தடவை கேட்டார். நான் விளக்கியதும், தன் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். என் ராஜினாமாவையும் கொடுத்துவிட்டேன். என் மேலான விசாரணை முடியும்வரை கோலாலம்பூரில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள், நாளைக்குக் கிளம்புகிறேன். சுங்கை லெம்பா கோர்ட் பக்கம் போகக் கூடாதாம். புது விலாசத்தைத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். மறுபடியும் லாயராக விடுவார்களா என்றும் தெரியாது.

அக்கா, அவன் மறுபடியும் கூண்டில் ஏறும்போது நான் அங்கே இருக்க மாட்டேன். யாரைப் பார்ப்பான்? அதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை. நீ போ. உண்மையை மட்டும் சொல்லச் சொல். என்னைப் பற்றிப் பேச்செடுக்காதே.

உன் தம்பி,
நாகலிங்கம்

*

தைப்பிங்
6.8.1978

என் நாகுவுக்கு,

அக்கா எழுதுவது. நேற்றுத்தான் சுங்கை லெம்பாவிலிருந்து திரும்பினேன். பஸ்ஸில் உட்கார்ந்து உட்கார்ந்து முழங்கால் மரமாகிவிட்டது, அதைப் பற்றி விசாரிக்காதே. கோலாலம்பூரில் அறை காற்றோட்டமாக இருக்கிறதா? ரசப்பொடி அனுப்பியிருக்கிறேன்.

பழைய தண்டனையை ரத்து செய்துவிட்டு முந்தாநாள் நடத்திய புது விசாரணையை வரிசையாகச் சொல்கிறேன். கோர்ட்டுக்குப் போகும் முன்னால் சன்னாசியிடம் பேச அனுமதி வாங்கினேன். “டேய், சைகையும் வேணாம், மண்ணும் வேணாம். உண்மையைச் சொல்லு” என்றேன். “சரிக்கா” என்றான். “யார் மூஞ்சியையும் பாக்காத” என்றேன். “சரிக்கா” என்றான். அவன் எதற்குத்தான் சரி சொல்ல மாட்டான்!

உன் நாற்காலியில் இப்போது ஒரு மலாய்ப் பெண். வயது குறைவு, நல்ல முகம். ஆனால் என்ன சோதனை பார், கண்ணாடியே போடாதவள்! சன்னாசி கூண்டில் ஏறியதும் நேரே அவள் மூக்கைத்தான் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. இன்ஸ்பெக்டரைப் பார்த்தான், பியூனைப் பார்த்தான். யாருக்கும் கண்ணாடி இல்லை. திருவிழாவில் தாயைத் தவறவிட்ட பிள்ளை மாதிரி முழித்தான்.

குற்றப்பத்திரிகையை வாசித்தார்கள். தமிழில் சொன்னார்கள். “புரியுதா?” என்று கேட்டார்கள். பால்கார மருதை என் கண் முன்னால் வந்து நின்றான். இவன் ‘ஆமா’ என்று சொல்லித் தொலைத்தால்?

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். என் முகத்தில் கண்ணாடி.

நாகு, சத்தியமாக நான் சைகை செய்யவேண்டும் என்று நினைக்கவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைக்க வேண்டுமென்றால் கழற்ற வேண்டும். கழற்றினால் போச்சு. அதனால் இரண்டு கையாலும் கண்ணாடியை மூக்கோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்து கழுத்துவரை ஓடியது. பக்கத்தில் மாரியாயி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு என்னைத் தொடுகிறாள்!

அந்த மாஜிஸ்திரேட் பெண் என்னைப் பார்த்துவிட்டாள். “அந்த அம்மாவுக்குக் கண்ணில் ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்கச் சொன்னாள். “ஒண்ணுமில்லைங்க, நழுவுது” என்றேன்.

சன்னாசி மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பினான். “புரியுதுங்க. ஆனா இல்லைங்க. நான் எடுக்கலைங்க. அன்னிக்கி எங்க ஊருல தைப்பூசம்” என்றான். கணீரென்று சொன்னான், கடைசி பெஞ்சுவரை கேட்டது.

உடனே உன் இன்ஸ்பெக்டர் ரோஸ்லான் எழுந்தார். தைப்பிங்கில் விசாரித்துவிட்டோம், அன்றைக்கு இவன் காவடியோடு நின்றதை ஊரே சொல்கிறது, வழக்கை வாபஸ் வாங்குகிறோம் என்றார். சன்னாசிக்கு அது ஒன்றும் விளங்கவில்லை. போலீஸ்காரன் கூண்டுக் கதவைத் திறந்து “போடா” என்ற பிறகும் நின்றுகொண்டே இருந்தான். மாரியாயி போய்க் கையைப் பிடித்து இழுத்து வர வேண்டியிருந்தது.

வெளியே வந்ததும் இன்ஸ்பெக்டர் என்னிடம் வந்து உன்னைப் பற்றி விசாரித்தார். “நான் கூட அவரை எதிர்த்தரப்பு ஆளுன்னு நினைச்சுட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நீயே யோசித்துக்கொள்.

டீக்கடையில் நால்வருக்கும், அதாவது மாரியாயி கூட்டி வந்த பெரியவளுக்கும் சேர்த்து, டீ சொன்னேன். சன்னாசிக்கு ஒன்று உன் கணக்கில். அவனிடம், “பாத்தியாடா, உண்மையைச் சொன்னா விட்டுட்டாங்கள்ல?” என்றேன்.

அவன் டீயை ஊதிக்கொண்டே, “நீங்க கழட்டலையேக்கா, அதான் சொன்னேன்” என்றான்.

“கழட்டியிருந்தா?”

“ஒத்துக்கிட்டிருப்பேன்.”

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவன் சொன்னது உண்மைதான். ஆனால் உண்மை என்பதற்காகச் சொன்னானா, என் மூக்கைப் பார்த்துச் சொன்னானா? நான் செய்ததும் நீ செய்ததும் ஒன்றா, வேறா? நீ கழற்றியதால் உள்ளே போனான், நான் கழற்றாததால் வெளியே வந்தான். இரண்டு தடவையும் அவன் பேச்சு அவனுடையதாக இல்லையே. நீ சட்டம் படித்தவன், நீ சொல்லு.

வரும்போது வா. நாள் குறிக்கவில்லை, எப்போது விடுகிறார்களோ அப்போது. சுவரில் அந்த வெள்ளை இடத்துக்கு இன்னும் சுண்ணாம்பு அடிக்கவில்லை. பலகையை மாட்டுவதா வேண்டாமா என்று நீ வந்து முடிவு செய். மாட்டினால் ஒரு நிபந்தனை. சைகை ஒத்திகை இனிமேல் கிடையாது. அந்தப் பிரம்பு நாற்காலியில் வருகிறவனை உட்கார வைத்து, அவன் வாயால் அவன் கதையைச் சொல்லச் சொல்வேன். எத்தனை நேரமானாலும் சரி.

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் மன்னித்துக்கொள். கண் கலங்கிவிட்டது, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கண்ணைத் துடைக்கத்தான் கழற்றினேன். வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே.

உன் அக்கா,
தெய்வானை